கல்யாண வாசலில் கார் ஜாடை பார்ப்பது எப்படி?

காரைக்குடியில் முப்பது வருஷமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். எந்தக் கார் கம்பெனி யாரைப் பார்த்து எதை எடுத்தது என்று கண்டுபிடிக்க, முகூர்த்த நாளில் கானாடுகாத்தான் பக்கம் வாருங்கள். தெரு நீளத்துக்குக் கார் நிற்கும்.

முதலில் செல்லில் படம் எடுத்து, முகப்பைக் கட்டைவிரலால் மறையுங்கள். கிரில்லும் பம்பரும் சுலபமாக மாற்றக்கூடியவை. முகஜாடையை நம்பினால் ஏமாறுவீர்கள். 2019-இல் டாடா ஹாரியர், ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் மூன்றுமே மேலே மெல்லிய லைட், கீழே பம்பரில் ஹெட்லைட் என்று வந்தன. 2010-லேயே நிசான் ஜூக் பெரிய விளக்கைக் கீழே இறக்கிவிட்டது. லேசாக இடித்தாலும் ஹெட்லைட் போகும், எனக்குப் பிழைப்பு.

கதவு, கண்ணாடி, கூரை மூன்றும் ஒன்றாக இருந்தால் அது காப்பியே அல்ல. மாருதி பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும் ஒரே வண்டி, பெயர்தான் வேறு.

அடுத்து பின்கதவு. 2018 ஸ்விஃப்ட்டில் கைப்பிடி ஜன்னல் ஓரக் கறுப்புக்குள் ஒளிந்திருக்கும். நாலு கதவு வண்டியை இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் போலக் காட்டும் தந்திரம் இது. அதற்குப் பேர் வாங்கித் தந்தது 1997-இல் வந்த இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156. நம்மூரில் ஸ்விஃப்ட்டுக்கு முன்பே செவ்ரோலெட் பீட் காரில் இருந்தது. போன தை மாசம் ஓர் ஆச்சி கதவைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இதுக்குக் கைப்பிடியே வைக்கலையா?" என்றார்கள். ஓடிப்போய் திறந்துவிட்டேன். அந்த இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மோதிரமும் வளையலும் உரசிக் கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்திருக்கும். 2024 ஸ்விஃப்ட்டில் கைப்பிடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆச்சி ஜெயித்துவிட்டார்கள்!

சிலர் இதையெல்லாம் திருட்டு என்பார்கள். பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் இறக்கி வீடு கட்டிய ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசியில் பின்பக்க ஓரத்தை உள்ளங்கையால் தடவுங்கள். பழைய பிரீமியர் பத்மினி கார் கிடைத்தால் விடாதீர்கள். டிக்கியின் இருபுறமும் சின்னதாய் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் துடுப்பு. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து 1948-இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் வைத்த துடுப்பு, ஊரெல்லாம் பரவி, பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100 வழியாக இங்கே வந்தது. ஒடுங்கிய துடுப்பை நிமிர்த்த உள்ளே கட்டை கொடுத்து மெல்லத் தட்ட வேண்டும். ஒரு அடி கூடினாலும் விளிம்பு அலை அலையாகிவிடும். அப்படி ஒரு பத்மினி பட்டறையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. வந்தால் தடவிப் பார்க்கலாம்.