சலிப்பான வேலைக்கு ஒரு நோட்டு போடுங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பில் சரிபார்ப்பது, எக்செல்லில் எண்களை ஏற்றுவது, மீட்டிங்கில் குறிப்பு எடுப்பது எல்லாம் நம் தலையில்தான் விழும். படித்த படிப்புக்கு இதுவா என்று எரிச்சல் வருவது இயல்புதான். அந்த எரிச்சலோடவே ஒரு காரியம் செய்யுங்கள். எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது, எந்தக் கோப்பு யாரிடம் போய்த் தேங்குகிறது, எதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் பிடிபடும். பில் தாமதமாவதற்குக் காரணம் கணக்குப் பிரிவு அல்ல, ஆர்டர் எண் எழுதாமல் அனுப்புகிறவர்கள்தான் என்பதுபோல. மாதக் கடைசி அறிக்கையை மட்டும் பார்க்கும் மேலாளருக்கு இது தெரிய வழியில்லை. இதைப் புகாராகக் கொண்டுபோகாதீர்கள். "திரும்பி வந்த 40 பில்லில் 31-ல் ஆர்டர் எண் இல்லை, படிவத்தில் அதைக் கட்டாயமாக்கலாமா?" என்று கேளுங்கள். பதவி உயர்வு பேசும் நாளிலும் கைகொடுப்பது இந்த எண்கள்தான்.

ஜெனரல் மோட்டார்ஸின் மேரி பாரா 1980-ல், 18 வயதில், கார் பாகங்களைச் சோதிக்கும் வேலையில்தான் அங்கே நுழைந்தார். 2014-ல் அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். எல்லோருக்கும் அப்படி அமையாது, அது வேறு கதை.

ஒரு வருடம் ஆகியும் நோட்டில் புதிதாக எழுத எதுவும் இல்லையா? வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுவிடுங்கள்.