கையால் தைத்த தோல் பொருட்களை மட்டக்களப்பிலிருந்து இணைய ஏலத்தில் விற்பது எப்படி?

முதல் பணப்பையை ஏலத்துக்கு விடுவதற்கு முன்பே பலரைத் தடுத்து நிறுத்துவது பெயர்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுமையாகவும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தாகவும், கடவுச்சீட்டில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இருப்பது நம்மிடையே சாதாரணம். ஆனால் இணைய ஏலம் நடத்தும் ஈபே தளத்துக்கும், விற்ற பணம் வந்து சேரும் பேயோனியர் கணக்குக்கும் அவை மூன்று வேறு ஆட்களாகவே தெரியும். ஆகவே முதலில் பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக்கிக்கொண்டு, அதன் பின்னரே கணக்கைத் திறவுங்கள்.

எல்லாப் பொருளும் ஏலத்துக்கு ஏற்றதல்ல. ஒரே அச்சில் இருபது பெல்ட் தைப்பவர் அவற்றை நிலையான விலையில் விற்பதே நல்லது. இன்னொன்று அதுபோல் கிடைக்காத பொருளுக்கே ஏலம் பொருந்தும்.

ஏல விலை எப்படி ஏறுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். கேட்பவர் தன் உச்ச விலையைத் தளத்திடம் இரகசியமாகச் சொல்லிவைக்க, அடுத்தவரை முந்துவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் தளம் ஏல விலையை உயர்த்துகிறது. ஒருவர் 60 டொலர் வரை கொடுக்கத் தயாராக இருந்தாலும், அவருக்கு எதிராக நிற்பவர் 22 டொலரோடு நின்றுவிட்டால், பொருள் 22 டொலர் 50 சதத்துக்கே போகும். எதிராக யாருமே இல்லையென்றால் நீங்கள் போட்ட தொடக்க விலைக்கே போகும். ஒரு டொலரில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்று யாரோ சொன்னதை நம்பி, எட்டு மணித்தியாலம் இரட்டை ஊசியால் தைத்த ஒரு பணப்பையை 4 டொலர் 25 சதத்துக்கு நான் இழந்திருக்கிறேன். தோல், மெழுகு நூல், பொத்தான், உங்கள் கைக்கூலி, பொதி செய்யும் செலவு ஆகியவற்றோடு தளத்தின் கட்டணத்தையும் கூட்டி, அதற்குக் கீழே தொடங்காதீர்கள். அந்தக் கட்டணம் பொருளின் விலைக்கு மட்டுமன்றித் தபாற் செலவுக்கும் சேர்த்தே அறவிடப்படுவதால், விலையைக் குறைத்துத் தபாற் செலவைக் கூட்டிக் காட்டுவதில் எந்த இலாபமும் இல்லை.

ஏழு நாள் ஏலம், தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும். கோடை காலத்தில் நியூயோர்க்கில் ஞாயிறு இரவு 8 மணியாகும்போது நமக்குத் திங்கள் அதிகாலை 5.30 ஆகியிருக்கும். அங்கு வீட்டில் ஆறுதலாக இருப்பவர்களை எண்ணி, அந்த நேரத்திலேயே தொடங்குங்கள்.

தலைப்புக்கு 80 எழுத்துகளே இடமுண்டு. தோலின் வகை, நிறம், அளவு, கைத்தையல் ஆகியவற்றை வாங்குபவர் தேடும் ஆங்கிலச் சொற்களில் எழுதுங்கள்; ‘அழகான’, ‘அருமையான’ போன்றவற்றை யாரும் தேடுவதில்லை.

உங்கள் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்குப் படமே கை. காலை வெயில் நேரே விழாத விறாந்தையில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். தையல் வரிசையை மிக நெருங்கி ஒரு படம், அடிமட்டத்தோடு ஒரு படம், வெட்டிய விளிம்பைக் காட்டி ஒரு படம் அவசியம். தோலை அறிந்தவர் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பார். குரோமிய உப்பால் பதனிட்ட தோலின் உள்ளே பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலம் தெரியும், ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்டது உள்ளேயும் பழுப்பாகவே இருக்கும். ஒன்றை மற்றதென்று எழுதினால் பொருள் திரும்பி வரும், கூடவே குறைகூறும் பின்னூட்டமும் வரும். மாட்டின் பழைய தழும்பையோ உண்ணி கடித்த வடுவையோ மறைக்காமல், அது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தத் தழும்புக்காகவே வாங்கியவர்கள் எனக்குக் கிடைத்திருக்கிறார்கள்.

சுங்கப் படிவத்தில் உண்மையான விலையை எழுதுங்கள். விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்யான அறிக்கை. 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த வரிவிலக்கு 2025 ஓகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுள்ளதால், அங்கு அனுப்புவதானால் வரியை யார் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதை ஏலத்துக்கு முன்பே தபாலகத்திலோ கூரியரிடமோ கேட்டறியுங்கள்.

நம் ஊரில் தோலுக்குப் பெரிய எதிரி மாரிமழை. ஒரு கார்த்திகையில் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி அனுப்பிய கைப்பை, வாங்கியவர் பிரிக்கும்போது வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நத்தார் கால ஏலத்துக்கான வேலையைக் உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களிலேயே தைத்து முடித்து, நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான பெட்டியில் வைத்துவிடுகிறேன். மழை நாளில் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை. ஏலம் முடிந்தபின் வெயில் எறிக்கும் முற்பகலில் மட்டுமே திறந்து, துணியோடும் புதிய பொட்டலத்தோடும் பொதி செய்து, அன்றே தபாலகத்தில் ஒப்படைக்கிறேன்.