மெஷ் வைஃபையை மாற்றலாமா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டியவை

மெஷ் (ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப ரெண்டு மூன்று டப்பாக்களாக வரும் செட்) வாங்கி மாட்டிய பிறகும் மாடி ரூமில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஆபீஸ் மீட்டிங் நடுவில் குரல் அறுந்து போகிறது என்றால் 'இந்த செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுசு வாங்கிவிடலாம்' என்றுதான் தோன்றும். வாங்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கிச் சிலவற்றைச் சோதித்துவிடுங்கள். புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் இதே தொல்லை பல மாதம் ஓடியது, கடைசியில் மெஷ்ஷை மாற்றாமலேயே சரியானது. கோளாறு டப்பாக்களில் இல்லை, ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இருந்தது.

வடசென்னையில் நிறைய வீடுகள் முன்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு, மேலே ரெண்டு மாடி ஏறியவை. ஃபைபர் ஒயர் தெருக் கம்பத்திலிருந்து வாசல் வழியாக வரும், அது வந்து சேரும் ஓஎன்டி பெட்டியும் (ஆபரேட்டர் தரும் ஃபைபர் மோடம்) வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்டவே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் திணறும், ரெண்டைத் தாண்டச் சொன்னால் மாடி டப்பா பெரும்பாலும் மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் வீடு என்று எல்லார் வைஃபையும் 1, 6, 11 என்ற மூன்று சேனலுக்குள் முண்டியடித்துக்கொண்டிருக்கும்.

படி 1: லைன் சரியா?

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிளால் நேராக ஓஎன்டியில் செருகி ராத்திரி ஒன்பது மணிவாக்கில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். இங்கேயே வேகம் இல்லை என்றால் எந்த மெஷ்ஷும் காப்பாற்றாது, ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.

படி 2: எந்த இடத்தில் அடிபடுகிறது?

முதல் டப்பாவுக்கு அருகில் ஒரு டெஸ்ட், மாடி டப்பாவுக்கு அருகில் ஒரு டெஸ்ட், அதே போனில். கீழே நன்றாக வந்து, மாடி டப்பாவை ஒட்டி உட்கார்ந்தும் சரிந்தால், ரெண்டு டப்பாவுக்கும் இடையிலான இணைப்புதான் நோஞ்சான். ரெண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற ரெண்டு அலைவரிசை) மட்டும் உள்ள மெஷ் என்றால் பாதி வேகம் போவது இயல்பு, ஏனென்றால் கீழிருந்து வாங்குவதும் உங்கள் போனுக்குக் கொடுப்பதும் ஒரே ரேடியோதான். பாதிக்கும் மிகக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

ஸ்பீட் டெஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள். ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, தொடர்ந்து பிங் (பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை) ஓடவிடுங்கள். வைஃபையில் சில மில்லிசெகண்ட் வருவது சரி, திடீர் திடீரென்று 200, 300 என்று குதித்தால் மீட்டிங் அறுவதற்குக் காரணம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. சிக்னல் அளவைப் பார்க்க ஆண்ட்ராய்டில் எனக்கு வைஃபைமேன் ஆப்தான் பிடிக்கும், இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. ஐபோனில் ஏர்போர்ட் யுடிலிட்டி போட்டு, செட்டிங்ஸில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்யுங்கள்.

மாடி டப்பாவை வைக்கும் இடத்தில் முதல் டப்பாவின் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம்) அளவுக்காவது வர வேண்டும். மைனஸ் 75 என்றால் அந்த இடம் வேண்டாம், மாடிப்படி வளைவுக்கு நகர்த்துங்கள். இரும்பு பீரோ மேலேயோ பின்னாலேயோ மட்டும் வைக்காதீர்கள்.

படி 3: ஒயர் போட முடியுமா?

என் கருத்து உறுதியானது: ஒயர் இழுக்க ஒரு வழி இருந்தாலும் இழுத்துவிடுங்கள். மாடிப்படி ஓரமாக, ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக, எப்படியாவது. சுத்தமான காப்பர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் கேளுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைவாகக் கிடைப்பதில் நிறைய அலுமினியத்துக்குக் காப்பர் பூசியது, பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான். ஒயர் போட்டாயிற்று, பிங் சீரானது, ஆனால் 300 எம்பிபிஎஸ் லைனில் மாடியில் 94ஐத் தாண்டவே இல்லை. இந்த 94 என்ற எண்ணைப் பார்த்தால் நினைவில் வையுங்கள், எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். 100க்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளின் நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எங்கள் கேபிளில் பழுப்புக் கம்பி ஒன்று கிரிம்ப் செய்யும்போது (பிளக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும்போது) பிளக்கின் முனை வரை போகவில்லை, கண்ணாடி போன்ற அந்தப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒரு மயிரிழை குட்டையாக நின்றது. வெட்டி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி மறுபடி கிரிம்ப் செய்ததும் முழு வேகம் வந்துவிட்டது. விலை குறைந்த கேபிள் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

அப்போ எப்போதுதான் மாற்றுவது?

உங்கள் மெஷ்ஷில் இருப்பதே 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால், லைன் அதைவிட வேகமானது என்றால், மாற்றுங்கள். கம்பெனி பாதுகாப்பு அப்டேட் நிறுத்திவிட்டதா, யோசிக்காமல் மாற்றுங்கள். வாடகை வீடு, ஓட்டை போட ஓனர் விடமாட்டார், ஒயருக்கு வழியே இல்லை என்றால் டப்பாக்கள் தங்களுக்குள் பேசத் தனி பேண்ட் உள்ள ட்ரை-பேண்ட் மெஷ் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வைஃபை 7 என்று எழுதியிருப்பதற்காக மட்டும் வாங்காதீர்கள், வைஃபை 5 போன் அதிலும் வைஃபை 5ஆகத்தான் ஓடும்.

பிற்சேர்க்கை: ஒயர் போட்ட பிறகு மாடி டப்பா கண்ணிலேயே படவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். மெஷ் ரவுட்டர் மோடில் (வீட்டு நெட்வொர்க்கை மெஷ்ஷே நடத்துவது) இருந்தால், மாடிக்குப் போகும் கேபிளை ஓஎன்டியில் செருகக் கூடாது, முதல் டப்பாவின் லேன் போர்ட்டில் செருக வேண்டும். இல்லையென்றால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் கொடுத்து, மற்றதை ஓஎன்டியிடம் விடுவது) மாற்றுங்கள். ரெண்டில் எது செய்தாலும் ஓஎன்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள், போன் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.