சாலையோர மிளாவும் நம் தப்புக் கணக்கும்

அந்தி நேரம். 138ஆம் எண் பஸ் சிங்கப்பூரின் மண்டாய் லேக் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. புல்தரை ஓரம் கரும்பழுப்பாக ஓர் உருவம். "அம்மா, மாடு!" என்று கத்தினான் முன்சீட்டுப் பையன். மாடில்லை, மிளா என்ற பெரிய மான். அகன்ற காதுகளைத் திருப்பி பஸ்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தது. "காட்டுல மான் பெருகிடுச்சு போல," என்றார் பக்கத்திலிருந்த அக்கா.

பலரும் போடும் தப்புக் கணக்கு இது. அடர்காட்டுத் தரையில் வெயில் விழாது, புல்லும் குறைவு. சாலைக்காக மரம் வெட்டிய விளிம்பில்தான் இளம்புல் செழிக்கும். மிளா அதைத் தேடி வருகிறது. பத்து நாள் கண்ணில் பட்டால் பத்து மிளா என்று பொருளில்லை, ஒன்றே பத்து நாளும் வந்திருக்கலாம். தீனி இருக்கும் இடத்திலேயே வண்டியும் ஓடுவதுதான் அதன் கெட்ட காலம்.

அதற்காக எல்லா மானுக்கும் விளிம்பு பிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. (உண்மையில் அது மான் குடும்பமே இல்லை, பெயர்தான் அப்படி.) அதற்குப் புதரும் நிழலும் வேண்டும். காட்டின் அடித்தட்டைப் பூங்கா மாதிரி 'சுத்தம்' செய்தால் நம் கண்ணுக்கு அழகு, அதற்கு ஒளிய இடமில்லை.

அப்புறம் வரைபடம். புக்கிட் தீமா காடும் மத்திய நீர்ப்பிடிப்புக் காடும் ஒரே பச்சையாகத் தெரியும். 1986இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை நடுவே ஓடுவதை அந்தப் பச்சை மறைத்துவிடுகிறது. மிளா நன்றாக நீந்தும், நீர்த்தேக்கம்கூட அதற்குப் பெரிய தடையில்லை. தடை, தார்ச்சாலைதான்.

அதற்குத்தான் 2013இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் விலங்குப் பாலம் கட்டினார்கள். மண்டாயில் இன்னொன்று 2019இல் வந்தது. சரி, பாலம் வந்தாச்சே, இனி என்ன கவலை? பாலத்தின் மேல் நட்ட செடி வளர்ந்து மறைவு தரவேண்டும், இரு முனையிலும் காடு நிலைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் கான்கிரீட்.

எண்ணிக்கை கூடினால் நல்லது என்பதும் அவ்வளவு நேரான விஷயமில்லை. இங்கிருந்த மிளா இனம் முன்பே அற்றுப்போனது. இப்போதிருப்பவை 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வழித்தோன்றல்கள் என்கிறார்கள். சில தலைகளிலிருந்து பெருகிய கூட்டத்தில் எண்ணிக்கை ஏறினாலும் மரபணு வேறுபாடு குறைவாகவே இருக்கும். அடித்துத் தின்னப் புலியும் இல்லை, ஆக மிளா பெருகினால் மரக்கன்றுகள் அதன் வாய்க்குத் தப்புவது கஷ்டம்.

காரை நிறுத்தி கேரட் நீட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மிளாவைச் சாலைக்குப் பழக்கும் வேலை. முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம். இரவில் அந்தப் பக்கம் ஓட்டினால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மிளா கடந்துவிட்டது என்று உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், பின்னாலேயே குட்டி வரலாம்.