எண்டோமெட்ரியோசிஸ் வலி: ஹார்மோன் இல்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்

கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ்; மாதவிடாய் நேரத்தில் கடுமையாக வலிக்கும். வலி உச்சிக்கு ஏறிய பிறகு மாத்திரை போட்டால் பாதிதான் கேட்கும். வலி மாத்திரையான ஐப்யூபுரூஃபன், ஏற்கெனவே சுரந்த புரோஸ்டாகிளாண்டினை (கருப்பையைச் சுருங்கவைத்து வலியைத் தூண்டும் பொருள்) அகற்றாது. புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கும். அதனால் அடிவயிறு இழுக்கத் தொடங்கியதுமே, மாதவிடாய் தேதி தவறாமல் வருபவர்கள் முந்தின நாளே, 400 மில்லிகிராம் போடலாம். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். சாப்பிட்ட பிறகுதான். காலையில் வெறும் டீயோடு விழுங்கிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனால் வயிறு புண்ணாகும். மெஃப்டால் ஸ்பாஸும் இதே வகைதான், இரண்டையும் சேர்க்காதீர்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் இழுப்பு வரும் ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் தொடவே கூடாது. குழந்தைக்கு முயல்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது ஒத்தடம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். தோல் வேக அது தாராளம். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா பாருங்கள். துண்டில் சுற்றி 20 நிமிடம். மார்கழிக் குளிரில் கம்பளிக்குள் அப்படியே தூங்கிவிடுவதுதான் ஆபத்து: பை மேல் புரண்டால் வெடிக்கும். தினமும் ஒரே இடத்தில் அதிகச் சூடு வைத்தால் தோலில் வலை போலப் பழுப்புத் தழும்பு விழும்.

தோலில் ஒட்டி மெல்லிய மின்துடிப்பு அனுப்பும் டென்ஸ் (TENS) கருவி சிலருக்குக் கேட்கும்: வலிக்கும் இடத்தைச் சுற்றி ஒட்டு, 80–100 ஹெர்ட்ஸ், கூச்சம் தெரியும் அளவு, அரை மணி நேரம். பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கூடாது.

நெடுநாள் வலியில், சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை இறுகியே கிடக்கும். அதற்குக் கீகல் பயிற்சி (அந்தத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது) செய்தால் வலி கூடலாம், தளர்த்துவதுதான் வேலை. மல்லாந்து, முழங்காலை மடக்கி, அடியில் தலையணை. நாலு எண்ணி மூச்சிழுங்கள், வயிறு உப்பட்டும், ஆசனவாய் தளரட்டும். ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம், இரு வேளை. குளிரில் தண்ணீர் குடிக்க மறந்து மலம் கட்டினாலும் வலி ஏறும்.

இவை வலியைத்தான் குறைக்கும், நோயைக் கரைக்காது. காய்ச்சல், மயக்கம், திடீரென ஒரு பக்கக் கடும்வலி, நாள் தள்ளிப்போய் வலி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்; மலைப்பாதையில் வண்டி வந்துசேரவே நேரமாகும்.