இரண்டு லைன் ஸ்பீக்கர்போன்: பழுது பெரும்பாலும் போனுக்குள் இல்லை

மட்டக்களப்பு நகரிலும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இரண்டு இலக்கம் வைத்திருக்கும் கடைகள், பார்மசிகள், நெல் ஆலைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என ஒரே மேசைக்கு இரண்டு லைன் வரும் வீடுகளும் உண்டு. அதற்கென்று இரண்டு லைன் ஸ்பீக்கர்போன் வாங்கி வைப்பார்கள். ஒரு கிழமையில் 'இது சரிவராது' என்று பழைய போனுக்கே திரும்பிவிடுவார்கள். ஒதுக்கிய போனைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பழுதும் இருக்காது. பிழை அதற்கு வரும் வயரிலோ அடப்டரிலோ மேலே சுற்றும் ஃபேனிலோ இருக்கும்.

வாங்கும் இடத்தில்

பழைய ஒபிஸ் சாமான் விற்கும் கடைகளில் நிறைய பட்டன், சின்னத் திரை, ஸ்பீக்கர் எல்லாம் உள்ள போன்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல பி.ஏ.பி.எக்ஸ் கருவியோடு, அதாவது ஒபிஸுக்குள் போன்களை இணைக்கும் சிறிய எக்ஸ்சேஞ்சோடு, மட்டும் வேலை செய்பவை. பானசொனிக் கே.எக்ஸ்-டி7730 நல்ல உதாரணம். அதைச் சாதாரண டெலிகொம் லைனில் நேராகக் கொழுவினால் டயல் டோன் வராது. பட்டன் அதிகம் என்பதால் அது இரண்டு லைன் போன் ஆகிவிடாது. பின்பக்கத்தில் 'லைன் 1/2' (இரண்டு லைனையும் ஏற்கும் துளை), 'லைன் 2' என்று தனித்தனித் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் எடுக்க வேண்டாம்.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தக்காரர் கொண்டு வந்து கொடுக்கும் போன் இன்னொரு வகை. போன் நல்லதாகவே இருக்கும். அதோடு வரும் அடப்டர்தான் ஆபத்து. அடப்டரின் முதுகில் உள்ள எழுத்தை வாசியுங்கள். உள்ளீடு 100–240 வோல்ட் என்றிருந்தால் இங்கே கொழுவலாம். 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நமது 230 வோல்ட்டில் கொழுவிய உடனே அது கருகும், சில வேளை போனையும் கூட்டிக்கொண்டு போகும். உள்ளூரில் மாற்று அடப்டர் வாங்கும்போது நான்கு விஷயம் ஒத்திருக்க வேண்டும்: வெளியீட்டு வோல்ட், அது ஏ.சி.யா டி.சி.யா என்பது, முள்ளின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது, அம்பியர். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது. மற்ற மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். முள் இறுக்கமாகப் பொருந்துகிறது என்பது அத்தாட்சி ஆகாது.

வயரில்லாக் கைப்பிடியோடு வரும் வட அமெரிக்க மாடல்கள் 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. இந்தப் பக்க நாடுகளில் அது மொபைல் வலையமைப்புக்குரிய இடம். அப்படிப்பட்ட போனை இங்கே ஓட விடாதீர்கள். ஐரோப்பிய மாடல்கள் 1880–1900 மெகாஹேர்ட்ஸில் ஓடுபவை.

இரண்டாவது லைன் ஏன் செத்துக் கிடக்கிறது

முறைப்பாடுகளில் முதலிடம் இதற்குத்தான், காரணம் பெரும்பாலும் அற்பமானது. போனின் 'லைன் 1/2' துளை நான்கு கம்பியை எதிர்பார்க்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பி முதல் லைன், வெளியே உள்ள இரண்டும் இரண்டாவது லைன். கடையில் கிடைக்கும் சாதாரண டெலிபோன் வயர் பெரும்பாலும் இரண்டு கம்பிதான். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே மஞ்சளாக மின்னும் தகடு இரண்டா, நான்கா? இரண்டு என்றால் அந்த வயரால் இரண்டாவது லைன் ஒருநாளும் வராது. பழைய முறை வயரிங்கில் சிவப்பும் பச்சையும் முதல் லைன், கறுப்பும் மஞ்சளும் இரண்டாவது.

நமது வீடுகளில் அநேகமாக இரண்டு லைனும் தனித்தனிப் பெட்டியாகவே சுவருக்கு வரும். அப்படியென்றால் நான்கு கம்பி வயரைத் தேடி அலைய வேண்டாம். முதல் பெட்டியிலிருந்து சாதாரண வயரை 'லைன் 1/2' துளைக்கும், இரண்டாவது பெட்டியிலிருந்து இன்னொரு சாதாரண வயரை 'லைன் 2' துளைக்கும் கொடுத்தால் போதும். இங்கே செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. இரண்டு லைனையும் சுமக்கும் நான்கு கம்பி வயரை 'லைன் 1/2' துளையில் போட்டுவிட்டு, வேறொரு லைனையும் 'லைன் 2' துளையில் போடுவது. அப்படிப் போட்டால் இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் போனுக்குள்ளேயே ஒன்றோடொன்று கட்டுண்டு, இரண்டுமே பிஸி என்று காட்டக்கூடும்.

கொழுவும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பத்து நிமிடம் ஆகும். சாதாரண ஒற்றை லைன் போனை ஒவ்வொரு பெட்டியிலும் கொழுவி, உங்கள் மொபைலுக்கு அழையுங்கள். திரையில் எந்த இலக்கம் விழுகிறதோ அதை ஒரு டேப் துண்டில் எழுதி அந்த வயரின் இரு முனையிலும் ஒட்டுங்கள். அடுத்த தடவை மேசையை நகர்த்தும்போது வயர் மாறினால், வீட்டு பில் கடைக்கும் கடை பில் வீட்டுக்கும் ஏறும். மாத முடிவில்தான் தெரியவரும்.

முன்விறாந்தையிலிருந்து உள் அறைக்கு என நீளமாக வயர் இழுப்பவர்கள் தட்டையான நான்கு கம்பி வயரைப் பாவிக்கிறார்கள். நான்கு கம்பியும் முறுக்கில்லாமல் பக்கம் பக்கமாக ஓடுவதால் ஒரு லைனில் கதைப்பது மற்ற லைனில் மெதுவாகக் கேட்கும். சில மீற்றரைத் தாண்டினால் கேட் 5இ நெட்வேர்க் வயர் நல்லது: நீல முறுக்கு முதல் லைனுக்கு, செம்மஞ்சள் முறுக்கு இரண்டாவதுக்கு. நீலத்தில் ஒரு கம்பியும் செம்மஞ்சளில் ஒரு கம்பியும் எடுத்து ஒரு லைன் கட்டினால் முறுக்கின் பயன் போய்விடும், இரைச்சல் திரும்ப வரும்.

செப்புக் கம்பி லைனில் இன்டர்நெட்டும் ஓடினால், போன் ஸ்பிலிட்டர் (போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) வழியாகத்தான் போக வேண்டும். நேரே கொழுவினால் போனில் சீறல் கேட்கும், மணி அடிக்கும் போதெல்லாம் இன்டர்நெட் அறும். சில ஸ்பிலிட்டர்கள் நடு இரண்டு கம்பியை மட்டும் கடத்துபவை; இரண்டு லைன் வரும் வயரை அதற்குள் விட்டால் இரண்டாவது லைன் அங்கேயே நின்றுவிடும்.

பைபருக்கு மாறிய பிறகு

பைபர் பெட்டியின் பின்பக்கம் டெலிபோன் துளை இரண்டு இருந்தால் இரண்டு இலக்கம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இலக்கம் எந்தத் துளைக்கு ஒதுக்கப்பட்டதோ அதில்தான் டோன் வரும். டெலிபோன் பிளக் நெட்வேர்க் துளைக்குள்ளும் தாராளமாக நுழையும் என்பதையும் மறக்கக்கூடாது. அப்படி நுழைத்தால் ஓரத்து முட்கள் வளையும். பழைய செப்பு லைனை அதில் கொழுவி, மணி அடித்தால் அந்தத் துளையே போய்விடக்கூடும்.

இவை எல்லாவற்றையும் விட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே ஓடிய டெலிபோன் வயரிங்கை வீணாக்காமல், பைபர் பெட்டியின் டெலிபோன் துளையை அதில் இணைப்பது. எண்ணம் சரிதான். ஆனால் வெளிக் கம்பத்திலிருந்து வரும் பழைய செப்புக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து அதில் சுமார் 48 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். அது பைபர் பெட்டிக்குள் பின்னோக்கிப் பாய்ந்தால் டெலிபோன் துளை எரியும். மணி அடிக்கும்போது வோல்ட் இன்னும் மேலே ஏறும், கையில் பட்டால் சுண்டும். ஆகவே கம்பி முனையைப் பல்லால் உரிக்கும் பழக்கத்தை இந்த வேலையில் விட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால் பைபர் லைனும் போகும். செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் கொடுத்தது, பைபர் பெட்டிக்கு நமது சுவர்ப் பிளக்தான் கொடுக்கிறது. 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ் வாங்கினால் போனின் அடப்டரையும் கணக்கில் எடுங்கள். பல மாடல்களில் கரண்ட் இல்லாதபோது ஸ்பீக்கர் வேலை செய்யாது, கைப்பிடி மட்டும், அதுவும் முதல் லைனில் மட்டும் இயங்கும். முக்கியமான இலக்கத்தை முதல் லைனில் போடுவதற்கு இது போதுமான காரணம். செப்பு லைன் இன்னும் இருந்தால், அடப்டர் தேவைப்படாத ஒரு சாதாரண போனையும் அலுமாரியில் வைத்திருங்கள். உள்ளே பென்டோர்ச் பெட்டரி போடும் மாடல் என்றால் வருடத்துக்கொரு முறை மாற்றுங்கள். மறந்து விட்டால் அது கசிந்து தகடுகளை அரிக்கும்.

ஸ்பீக்கர் வெட்டி வெட்டிக் கேட்பது

விலை குறைந்த ஸ்பீக்கர்போன்கள் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் திறந்து வைக்கும். நீங்கள் கதைத்தால் மைக்கைத் திறந்து ஸ்பீக்கரை அடைக்கும். எதிரில் இருப்பவர் கதைத்தால் மறுபக்கம் மாறும். யாருடைய சத்தம் பெரிதோ அவர் பக்கம் சாயும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தவறு நிற்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். காற்று நேராக மைக்கில் மோதினால் போன் அதையும் பேச்சாக எடுத்து, உங்கள் பக்கத்தையே திறந்து வைத்திருக்கும். எதிர்க்குரல் அரைச் சொல்லாக வந்து விழும். ஒரே சீராக வரும் இரைச்சலை நல்ல மாடல்கள் கழித்துவிடும். மைக்கில் மோதும் காற்று கூடிக் குறைவதால் அதைக் கழிக்க முடியாது. ஃபேனை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வெயிலில் அது நடக்காத காரியம். போனைக் காற்று படாத பக்கம் நகர்த்தி, மேசை ஃபேனை வேறு திசைக்குத் திருப்பினால் போதும். கடை வாசலில், பிரதான வீதியைப் பார்த்தபடி ஸ்பீக்கர்போன் வைப்பதும் இதே பிழைதான். பஸ் ஹோர்ன் ஒவ்வொன்றும் எதிரில் இருப்பவரின் ஒரு சொல்லை விழுங்கும்.

எதிரில் இருப்பவர் 'கேட்கவில்லை' என்றதும் கை தானாக வொலியூம் பட்டனுக்குப் போகும். அது உங்களுக்குக் கேட்கும் சத்தத்தை மட்டும் கூட்டும், அவருக்கு எந்த உதவியும் செய்யாது. உங்கள் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் நுழைந்து, அவருடைய குரலே அவருக்கு எதிரொலியாகத் திரும்பும், அல்லது உங்கள் மைக் இன்னும் அதிகமாக அடைபடும். செய்ய வேண்டியது நேர்மாறு: வொலியூமைக் குறைத்து, மைக்குக்குக் கிட்டே போய், ஒருவர் முடித்த பின் ஒருவர் கதையுங்கள். அரை மீற்றர் தூரம் நல்ல கணக்கு. மைக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல போன்களில் அது முன்விளிம்பில் ஒரு சிறு துளை. பில் புத்தகம் அதன் மேல்தான் கிடக்கும்.

சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி மேசை மூன்றும் சேர்ந்த அறையில் எதிரொலி கூடும். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, மூலையைத் தவிர்த்து, போனுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்புப் போடுங்கள். யன்னலுக்குத் திரைச்சீலை இருந்தால் இன்னும் நல்லது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஸ்பீக்கர்போனும் உதவாது, கைப்பிடியை எடுங்கள்.

பட்டன்களில் போகும் அழைப்புகள்

முதல் லைனில் ஒருவர் இருக்கும்போது இரண்டாவது மணி அடிக்கிறது. அவசரத்தில் நேரே 'லைன் 2' பட்டனை அழுத்தினால் பல மாடல்களில் முதல் அழைப்பு அறுந்துவிடும். முதலில் 'ஹோல்ட்', பிறகு 'லைன் 2'. தானாக ஹோல்ட் ஆகும் மாடலும் உண்டு. உங்களுடையது எது என்பதை வாடிக்கையாளரை வைத்துச் சோதிக்காமல் வீட்டாரை வைத்துச் சோதியுங்கள். ஹோல்டில் போட்டதை மறந்தால் அந்த இலக்கம் வெளியே பிஸியாகவே இருக்கும், ஆகவே மின்னும் விளக்கைக் கவனியுங்கள்.

'மியூட்' வேறு, 'ஹோல்ட்' வேறு. மியூட்டில் அவர் கதைப்பது உங்களுக்குக் கேட்கும். கைப்பிடியிலிருந்து ஸ்பீக்கருக்கு மாற, முதலில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தி, பிறகு கைப்பிடியை வைக்க வேண்டும். மாறி நடந்தால் அழைப்பு போகும். வங்கியின் தானியங்கிக் குரல் '1ஐ அழுத்துங்கள்' என்ற பிறகும் ஒன்றும் நடக்காவிட்டால், போனின் பக்கத்தில் 'டோன்', 'பல்ஸ்' என்ற சுவிட்ச் இருக்கும். அது பல்ஸில் நிற்கிறது.

கைப்பிடியைத் தூக்கியதும் எந்த லைன் எடுபட வேண்டும் என்பதை அமைப்பில் தீர்மானிக்கலாம். விட்டுவிட்டால் எல்லா வெளி அழைப்பும் ஒரே லைனில் குவியும். இலக்கங்களைச் சேமிக்கும்போது மட்டக்களப்பு 065, கல்முனை 067, அம்பாறை 063 என்று குறியீட்டோடு 10 இலக்கமாகவே சேமியுங்கள். ஒரு இலக்கம் பிஸியானால் அழைப்பு தானாக மற்றதற்குப் பாய வேண்டும் என்றால் அதைப் போன் செய்யாது, சேவை கொடுக்கும் நிறுவனம்தான் செய்து தர வேண்டும்.

பார்மசியிலும் கிளினிக்கிலும் ஸ்பீக்கரைப் போடும் முன் 'ஸ்பீக்கரில் போடுறன், பக்கத்தில ஆக்கள் இருக்கினம்' என்று சொல்லிவிடுங்கள். நோயின் பெயரைச் சொன்ன பிறகு சொல்வதில் பயனில்லை.

உப்பும் இடியும்

கல்லடி முதல் பொத்துவில் வரை கடற்கரையோரம் உப்புக்காற்று பெட்டிக்குள் உள்ள தகடுகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கதைக்கும்போது வரும் கரகரப்பில் பாதி இதுதான். பிளக்கைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய விட்டு மாட்டுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசியும் எறும்பும் சேரும்.

மாரிக்கு முன் வரும் இடிமுழக்க நாட்களில் பலர் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள். செப்பு லைன் வழியாகவும் மின்னல் வரும். இரண்டு லைன் என்றால் இரண்டு வழி. அடப்டரையும் இரண்டு டெலிபோன் வயரையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேலே வருமுன் செய்ய வேண்டிய வேலை இது; வந்த பிறகு வயரைத் தொடவே கூடாது. லைன் பாதுகாப்புக் கருவி வாங்கினாலும் அதன் பச்சைக் கம்பி நிலத்து எர்த்தோடு சேராவிட்டால் அது வெறும் பெட்டிதான்.

எல்லாம் செய்தும் டோன் இல்லையென்றால், முறைப்பாட்டுக்கு முன் சாதாரண போனை நேரே சுவர்ப் பெட்டியில் கொழுவிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் பிழை வெளியில். ஸ்ரீலங்கா டெலிகொம் என்றால் 1212க்கு அழைத்து, எந்த இலக்கம், செப்பா பைபரா, நேரே கொழுவிப் பார்த்தீர்களா என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள்.