பதிவரிடம் விளம்பரம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயத்தில் செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர், சென்னிமலையில் போர்வை நெய்கிறவர், கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவர் என்று கொங்குப் பக்கம் சின்னதாகத் தொழில் செய்யும் பலருக்கும் இன்று ஒரே யோசனைதான். பெரிய விளம்பரத்துக்குக் கட்டுப்படியாகாது. சமையல் குறிப்பு எழுதும் ஒரு பதிவரோ, ஊர் சுற்றி வீடியோ போடும் ஒரு யூடியூபரோ நம்ம சரக்கைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் போதும். யோசனையில் தப்பில்லை. கேட்கிற விதத்தில்தான் காரியம் கெடுகிறது.

பதிவரிடம் இருக்கும் ஒரே சொத்து, அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாசகர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. வருசக்கணக்கில் எழுதிச் சேர்த்தது அது. அதில் ஒரு பங்கைத்தான் நாம் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

முதல் தவறு, அவர் எழுதியதைப் படிக்காமலே எழுதுவது. சைவச் சமையல் மட்டும் எழுதுகிறவருக்குப் பள்ளிபாளையம் சிக்கன் மசாலா அனுப்புகிறார்கள். கைத்தறி பற்றியே எழுதிக்கொண்டிருப்பவரிடம் விசைத்தறி பெட்ஷீட்டைப் பாராட்டச் சொல்கிறார்கள். "உங்க பதிவெல்லாம் சூப்பருங்க, நம்ம பொருளையும் ஒரு ரிவ்யூ போட்டுருங்க" என்ற ஒற்றை வரியைப் பார்த்ததுமே, இவர் ஒன்றையும் படிக்கவில்லை என்று பதிவருக்குத் தெரிந்துவிடும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அவருடைய பழைய பதிவுகளைப் படியுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "வணக்கமுங்க. சந்தகைக்குத் தேங்காய்ப்பாலில் எந்தச் சர்க்கரை சேர்க்கலாம்னு எழுதியிருந்தீங்க. நாங்க கவுந்தப்பாடியில நாட்டுச்சர்க்கரை காய்ச்சுறோமுங்க. கரும்புச்சாறு கொதிச்சுப் பதம் வர்ற நேரத்தை நீங்க வந்து பார்க்கலாமுங்க. விருப்பமில்லைன்னா பரவாயில்லீங்க." இவ்வளவு போதும். எதற்காக அவரைத் தேடி வந்தோம் என்பது அவருக்குப் புரிகிறது, மறுக்கவும் இடம் இருக்கிறது.

அந்த இடத்தை அடைத்துவிடுவதுதான் நம் பக்கத்துக்கே உரிய தவறு என்பேன். இங்கே எந்தக் காரியமும் சொந்தபந்தம் வழியாகத்தான் நடக்கும். பொண்ணு பார்ப்பதோ, காடு வாங்குவதோ, கடன் கேட்பதோ, தெரிந்தவர் ஒருவர் நடுவில் வேண்டும். அதே பழக்கத்தில் பதிவருடைய மாமனையோ பங்காளியையோ பிடித்து, "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க மாமா" என்கிறோம். சொந்தக்காரர் கேட்டால் மறுக்க முடியாது. போட்டும் விடுவார், ஆனால் கடனுக்குப் போட்டது என்று வாசகருக்குப் பளிச்சென்று தெரியும். அடுத்த கல்யாண வீட்டில் நம்மைக் கண்டால் அவர் ஒதுங்கிப் போவார். அறிமுகம் செய்து வைக்க ஒருவர் இருப்பது நல்லதுதான், அறிமுகத்தோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் சாம்பிள் பையோடு நிற்பதும் இந்த வகைதான்.

ஒரே மெயிலை நாற்பது பேருக்கு, எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்புவது, கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது, அவர் பதிவின் கீழே போய் நம் கடை நம்பரை ஒட்டுவது, இதெல்லாம் செய்யவே கூடாது. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

எழுதும்போது "உலகத்தரம்", "பாரம்பரியச் சுவை" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். பதிவருக்கு வேண்டியது செய்தி. பவானி ஜமக்காளம் விற்கிறீர்கள் என்று வையுங்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி வைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் இருக்கிறது, அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு பவானிப் பெயரிலேயே விற்கிறது. வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் ஒரே குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அந்தத் தறி முன்னால் பதிவரை உட்காரவைத்து, எது கைத்தறி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நெசவாளி வாயாலேயே சொல்லவைத்தால், வாசகருக்குப் பயன்படுகிற ஒரு பதிவு அவருக்குக் கிடைக்கிறது. உங்கள் பெயர் அதில் தானாக வரும். மஞ்சள்காரர்களுக்கும் இதையே சொல்வேன். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் குறியீடு கிடைத்ததை எல்லோரும் எழுதியாயிற்று. தை, மாசியில் வெட்டி, வேகவைத்துக் களத்தில் காயப்போடும் வேலையை நேரில் பார்த்து எழுதியவர்கள் குறைவு. அதற்கு அந்தப் பட்டத்தில்தான் கூப்பிட வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் யாரையும் எதற்கும் கூப்பிடாதீர்கள்.

பணம், இலவசப் பொருள் விசயத்தில் மழுப்பக் கூடாது. "காசு கொடுத்தோம்னு சொல்லிராதீங்க, இயல்பா வாங்கின மாதிரியே பேசிருங்க" என்று கேட்பதுதான் நேர்மையான பதிவரை மிகவும் புண்படுத்துவது. சட்டப்படியும் அது தப்பு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, தங்குமிடம் எது வாங்கியிருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தமிழ் வீடியோ என்றால் தமிழிலேயே, வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும். தவறான வழி காட்டும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. பொருள் தயாரிப்பவருக்கும் உண்டு, பரிந்துரைப்பவருக்கும் உண்டு. ஒரு பாட்டில் எண்ணெய்க்காக அவரை அந்த இடத்தில் நிறுத்தலாமா?

அந்த எண்ணெய் சர்க்கரை நோயைத் தீர்க்கும், மூட்டுவலியைப் போக்கும் என்று எழுதச் சொல்வது இன்னும் மோசம். உணவுப்பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை, அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற ஒருவரும் இருக்கக்கூடும். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று நல்ல பதிவர் முதலில் பார்ப்பார். அதைக் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இணையத்தில் எழுதுகிறவர்களிடம் சிலர் "லிங்க் கண்டிப்பா வேணும், நோஃபாலோ போடாதீங்க" என்று நிபந்தனை வைக்கிறார்கள். நோஃபாலோ என்பது, இந்த இணைப்பைத் தேடல் வரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. பொருளோ பணமோ கொடுத்து வாங்கும் இணைப்பை அப்படிக் குறித்தே ஆக வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் தேடலில் அவர் தளமே பின்னால் தள்ளப்படலாம்.

பொருளைக் கொடுத்துவிட்டால் தீர்ப்பு அவருடையது. எழுதியதை முதலில் எங்களுக்குக் காட்டுங்கள், குறையை எடுத்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள். விலையோ ஊர்ப்பெயரோ தப்பாக வந்தால் மட்டும் தனியாகச் சொல்லித் திருத்தக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் மௌனம் என்றால், அவருக்கு வேண்டாம் என்று அர்த்தம். இராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் போடவே வேண்டாம்.

பதிவு வந்த பிறகும் வேலை இருக்கிறது. வாசகர்கள் கேள்வி கேட்பார்கள், நீங்களே போய்ப் பதில் சொல்லுங்கள். ஒரே நாளில் ஆர்டர் குவிந்து சரக்கு தீர்ந்துபோனால் வாங்க நினைத்தவர் திட்டுவது பதிவரைத்தான். கையில் எவ்வளவு இருப்பு இருக்கிறது, கூரியர் எத்தனை நாளில் போய்ச் சேரும், வெளிமாநிலத்துக்கு அனுப்புவீர்களா என்பதை அவர் எழுத உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள், பதிவிலேயே அதைச் சேர்த்துவிடுவார்.